மழை நிறம்

அக்னி நட்சத்திரம் நாலாம் நாள்
காரை வெளியே தள்ளி வெயிலில் போட்டோம்.
கார் என்றால் கார் இல்லை.
எஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது,
அச்சிலிருந்து உரித்த ஃபைபர் கூடு.

ராணிப்பேட்டை வெயில் இது, வெளுத்துவிடாதா என்றார்
காசு கொடுத்த பிரகாசம்.
உள்ளே பதுங்கிய காற்று
இப்போதே வெடிக்கட்டும் சார்,
பெயிண்ட் ஏறின பிறகு வெடித்தால்
நீங்கள் வெடிப்பீர்கள்.

சாயங்காலம் பானட் முழுக்க அம்மைத் தழும்பு.
ஒவ்வொரு துளையையும் கீறித் திறந்து
பட்டி திணித்தேன்.

லாரி என்றால் தட்டி நிமிர்த்தலாம்.
இதற்கு நெளிவே கிடையாது, பொய் மட்டும்தான்:
கண்ணுக்குச் சமமாய்த் தெரியும்.
கறுப்பைத் தூவலாய் அடித்து
கட்டை வைத்துத் தேய்த்தால்
கறுப்பு நிற்கும் இடமெல்லாம் பள்ளம்.
மூன்று நாள்.
முழங்கை மடிப்பில் அரிப்பு,
தலையணையில் கண்ணாடித் தூள்.

எங்கள் போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கோடு போடும்.
கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீர் ஊற்றினேன்.
குடிக்கிறதண்ணா அது, என்றான் ஷபீர்.

பிரைமர் இரண்டாம் கோட்டில்
இடது மட்கார்டில் ஒரு மீன்கண் விழித்தது.
எண்ணெய்க் கையால் தொட்டது யார்?
ஷபீர் தலையைத் தடவிக்கொண்டே
நான் இல்லை என்றான்.

காயவிட்டு, தேய்த்து, தின்னரில் துடைத்து
மறுபடி அடித்தேன்.

நாளைக்குச் சிவப்பு.
பிரகாசம் வந்தார், காரைப் பார்த்தார்,
ஷெட்டுக்கு வெளியே போய் வானத்தைப் பார்த்தார்.
இந்த நிறத்தில் மேகம் பார்த்து
எத்தனை நாளாச்சு, என்று
கையை நீட்டினார்.

தொடாதீங்க சார்.