ஒளிக்கு நிற்பவள்

ஆர்மீனியன் ஸ்திரீட்டை மூன்று வாரத்துக்குச்
சைகோன் ஆக்கிவிட்டார்கள்.
ஏர்கோன் பெட்டிகளுக்கு மூங்கில் தட்டி,
சுவரில் வரைந்த பூனைக்குச் சாக்குப் படுதா,
குடைக்கடை வாசலில் பிரெஞ்சில் ஒரு மருந்துக்கடை.
வருஷம் முப்பத்தெட்டு என்றார்கள்.
வெயில் மட்டும் இந்த வருஷத்தது.

என் வேலை நிற்பது.
கதாநாயகி நிற்கப்போகும் இடத்தில்
அவளுக்கு முன்பே போய் நிற்பது.
தரையில் மஞ்சள் நாடாவால் அடையாளம்,
குறுக்குக் கோட்டில் என் கட்டைவிரல்கள்,
நெடுங்கோடு இரண்டு குதிகாலுக்கும் நடுவே.
கன்னத்தோரம் மீட்டரைப் பிடித்து
என் முகத்தை எண்ணாகக் கத்துவார்கள்,
தூரத்தில் ஒருவன் விளக்கைத் திருப்புவான்.
நாளைக்கு இருநூற்றிருபது ரிங்கிட், சோறு தனி.
பட்டர்வொர்த் ஹோட்டலில் ராத்திரி ஷிஃப்டுக்கு
டெங்கி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எத்தனையோ பேர் வரிசையில் நிற்க
என்னை எடுத்ததற்குக் காரணம் இரண்டு.
உயரம், ஐந்தடி மூன்று.
இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை,
என் முழங்கையை அவள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

ஒடீல் கரூபே.
ரீயூனியன் தீவு, கரும்புக்குப் போன கப்பல்.
கருப்பையாவா, கருப்பாயியா என்றேன்.
எவனோ குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான்,
அதற்குமேல் தெரியாது என்றாள்,
தே தாரிக்கை ஊதிக்கொண்டே, இங்கிலீஷில்.

பாரிஸில் இருபத்திரண்டு வருஷம்.
நாடகப் பள்ளியில் ராணியாக நின்று பரிசு வாங்கியவள்
வெளியே வந்ததும் நர்ஸ். ஏழு முறை நர்ஸ்.
தரை துடைப்பவள், பிள்ளை பார்ப்பவள்,
ஒருதரம் பிணவறையில் பிணம்.
"அதுக்குத்தான் க்ளோசப் வெச்சாங்க."

அங்கே கலைஞருக்கு ஒரு கணக்கு உண்டாம்,
வருஷத்தில் ஐந்நூற்றேழு மணிநேரம் வேலை சேர்த்தால்
சும்மா இருக்கும் மாதங்களுக்குச் சர்க்கார் காசு.
ஒரு வருஷம் நானூற்றுத் தொண்ணூறில் நின்றுவிட்டதாம்.
மிச்சப் பதினேழுக்குப்
பொம்மலாட்டத்தில் முயலுக்குக் குரல் கொடுத்தாளாம்.
முயல் எப்படிப் பேசும் என்று கேட்டேன்.
மூக்கைச் சுருக்கி என்னமோ பேசிக் காட்டினாள்,
ஜெனரேட்டர் பையன்கூடச் சிரித்தான்.

இப்போதுதான் முதல்முறை கதாநாயகி.
சைகோன் சுங்கச்சாவடியில் புதுச்சேரிக் கணக்கன்,
அவன் மனைவி.
ஊரே அவளிடம் தமிழில் பேசுகிறது,
நாசி கண்டார் கடைக்காரர் "என்னம்மா வேணும்" என்கிறார்,
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

படத்தில் தமிழ் வசனம் ஒன்றே ஒன்று:
"கதவு தாழ் போடல."
தால் என்றாள். தாள் என்றாள்.
பதினோராம் தடவை தாய் என்றாள்,
டைரக்டர் தண்ணீர் கேட்டார்.
அப்புறம் ஒலிக்காரர் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்து
மைக்கை வாயருகே நீட்டினார்.
ஒரே மூச்சில் முடிந்தது.
ஹெட்ஃபோனில் கேட்டாள், மறுபடி கேட்டாள்,
கழற்றி மேசையில் வைத்தாள்.
சாப்பாடு வரைக்கும் என்னிடம் பேசவில்லை.
நானும் பேசவில்லை. என்ன சொல்ல,
அவள் வாயில் என் குரல் இருக்கும்போது.

கடைசி நாள் கேரவன் படியில் உட்கார்ந்திருந்தபோது
பாரிஸிலிருந்து போன்.
வீ, வீ, வீ என்று மூன்று தடவை.
மார்செய், ஆஸ்பத்திரித் தொடர், எட்டாவது நர்ஸ்.
"இந்தத் தடவை தலைமை நர்ஸ்" என்றாள்,
"கையில சாவிக்கொத்து இருக்கும்."
சாவிக்கொத்தை ஆட்டுகிற மாதிரி விரலை ஆட்டினாள்.
சேலைப் பின்னை ஒவ்வொன்றாக எடுத்து
என் உள்ளங்கையில் போட்டாள், ஒன்பது.

ஃபெர்ரியில் நிற்கும்போது செருப்பு ஒட்டியது.
கீழே மஞ்சள் நாடா.
பிய்த்தேன், பாதிதான் வந்தது.
போனில் மேனேஜர்: "டெங்கி எப்படி?"
பிளேட்லெட் ஏறிவிட்டது சார்,
இன்றிரவு நிற்கிறேன், என்று தட்டிவிட்டேன்.