கேடி 503-க்கு ஈடு

வியாழக்கிழமைப் பயிற்சியின் நடுவில்
கேஷ்மரொக் ஐஸ் ஹாக்கி அரங்கின் கொம்பு
தும்மல் மாதிரி ஒன்று போட்டுவிட்டு நின்றது.
சனிக்கிழமை ஆட்டம்.

வ்லாஸ்தா ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாள்.
நான்கு டிரான்சிஸ்டரில் ஒன்று போயிருந்தது.
மீட்டரை எந்தக் காலில் வைத்தாலும் பீப்.
வருகிற எல்லாவற்றையும் உள்ளே விடுவது,
அதற்குப் பெயர் தாராளம் அல்ல.

இரும்புத் தொப்பியில் எழுதியிருந்தது: கேடி 503.
நம் ஊர்க் காவல் நிலையச் சுவரில்
படத்தோடு ஒட்டவேண்டிய பெயர்.
தாத்ரா மலையடியில் அது நல்ல பிள்ளை.
நாற்பது வருடமாக
யார் கோல் போட்டாலும் ஊதியது.

மடிக்கணினியில் புதிய மென்பொருளிடம் கேட்டாள்.
பொருத்தம் பூஜ்யம் என்றது.
இதே எண்ணில் திரைச்சீலைக் கொக்கி உண்டு, வேண்டுமா என்றது.
பெயர் வேண்டாம், வோல்ட் சொல், ஆம்பியர் சொல்,
தேடித் தருகிறேன் என்றது.
அதைத்தானே அவள் கேட்டாள்?

ஈடு இணையற்றது என்று
கவிதையில் எழுதினால் புகழ்ச்சி.
உதிரிபாகப் பட்டியலில் எழுதினால்
சனிக்கிழமை கொம்பு இல்லை.

கீழே, ஸ்கேட் தீட்டும் அறையில்,
தூசித்துணி போர்த்திய பழைய கணினி.
நினைவகத்தை ஒவ்வொன்றாக எண்ணி எழுந்தது.
நீலத்திரை, மஞ்சள் எழுத்து, சுட்டி கிடையாது.
கேடி என்றதும்
501, 502, 503 என்று குடும்பமாக வந்து நின்றார்கள்.
எண்பது வோல்ட். இருபது ஆம்பியர். நூற்றைம்பது வாட்.
ஈடாக மேற்கத்தியப் பெயர்கள் மூன்று.
குறிப்புக் கட்டத்தில் யாரோ, எப்போதோ:
முதலாவது போதும். மூன்றாவதை ந▒▒பாதே.
ஸ்லோவாக் மொழியின் கொக்கி எழுத்தெல்லாம்
கட்டங்களாகிப் போயிருந்தன.
நம்பாதேயா, நம்பேன் என்று சொல்லவந்ததா,
கையெழுத்து இருந்த இடத்திலும் கட்டங்கள்தான்.

பழையதற்குத் தொண்ணூற்று நான்குக்குப் பின் பிறந்த
ஒருவரையும் தெரியாது.
புதியதற்குச் செத்தவர்களைத் தெரியாது.
பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டாருக்கு நடுவே
கல்யாணத் தரகர்போல் வ்லாஸ்தா
கீழே கேட்ட பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
மாடி ஏறினாள், இறங்கினாள்,
ஆறு தடவை.

முதலாவது: உற்பத்தி நிறுத்தம்.
இரண்டாவது: கையிருப்பு ஒன்பதாயிரம், விலை ஒரு காபிக்கும் கீழே.
போன வருடம் அதில் ஒன்றின் தொப்பியை அறுத்துப் பார்த்தாள்;
உள்ளே கடுகளவு சில்லு.
மூன்றாவதை அவள் கேட்கவில்லை.
மறுபடி முதலாவதைத் தட்டி,
அடியில் சின்ன எழுத்தில் கண்டாள்:
இதற்கு வாரிசு உண்டு.

வெள்ளிக்கிழமை காலை பேருந்தில்
ஆட்ட நேரம் பார்க்கும் கெய்சா கோஷிட்சே போய்
நான்கு வாரிசுகளைச் சட்டைப்பையில் கொண்டுவந்தார்.
செத்தது ஒன்றுதானே என்றார்.
மீதி மூன்றும் புதியவனோடு தோள்கொடுக்காது,
அவன் முதுகில் ஏறிக்கொள்ளும் என்றாள்.

வாரிசு வேகக்காரன்.
யாரும் கேட்காத ஸ்தாயியில் தனக்குத்தானே விசிலடித்துக்கொண்டு
தோசைக்கல்லாகச் சுட்டான்.
இரவு இரண்டு மணிக்கு
மிளகளவு மின்தேக்கி ஒன்றைக் குறுக்கே வைத்தாள்.
வாயை மூடினான்.

சனிக்கிழமை, மூன்றாம் நிமிடம்,
விருந்தாளி அணியின் கோலுக்குக் கொம்பு ஊதியது.
அரங்கமே எழுந்து ஏசியது,
கொம்பை அல்ல.
கொஞ்சம் மூக்கால் ஊதுகிறது, என்றார் கெய்சா.
வேறு யாருக்கும் படவில்லை.

இடைவேளையில் கீழே போனாள்.
குறிப்புக் கட்டத்தில் மிச்சம் ஒரு வரி இருந்தது.
கொக்கி இல்லாத எழுத்துகளாகத் தேர்ந்து தட்டினாள்:
நாலாவது பெயர், பொருந்தும், அவசரக்காரன்,
குறுக்கே நூறு பிக்கோ போடு.

சேமித்தேன் என்றது திரை.
கடிகார பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது.
தேதி: 1980 ஜனவரி 1.
அன்றைக்குக் கேடி 503
கடையிலேயே கிடைத்திருக்கும்.