இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி. அது விழுங்குவது
இருபது தெத்ரி நாணயம்.
இறங்குவதற்குக் காசு வேண்டாம்.
திபிலீசியில் கீழே போவது எப்போதும் இலவசம்
என்பாள் நத்தேலா.

எட்டாவது மாடி லமாராவோடு
ஒரே பெட்டிக்குள் நிற்கக்கூடாதென்று
பதினோரு வருடம் ஒன்பது மாடியும் நடந்தே ஏறினேன்.
அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
என் முழங்கால்தான் வட்டி கட்டியது.

காரணம் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்:
நத்தேலா படுக்கையில் விழுந்த வருடம்
அவள் வானம் பார்க்கவென்று
நானே வெல்டிங் வைத்து நீட்டிய பால்கனி.
அனுமதி இல்லாதது, ஒப்புக்கொள்கிறேன்.
எங்கள் தெருவில் எந்தப் பால்கனிக்கு இருந்தது?
லமாரா மனுக் கொடுத்தாள்.
நகராட்சியிலிருந்து மூன்று பேர் வந்து
திராட்சைக் கொடியோடு சேர்த்து அறுத்துப்போட்டார்கள்.
மார்ச்சில் நத்தேலா போனாள்,
பலகை அடித்த சன்னலைப் பார்த்தபடி.

இழவுச் சாப்பாட்டுக்கு லமாரா வந்தாள்.
சாப்பிட்டாள்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
"பீன்ஸில் உப்பு குறைவு" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அடைகாத்தேன்.
கோழிகூட இருபத்தோராம் நாள் எழுந்துவிடும்.

போன பிப்ரவரியில் ஒரு மாலை மின்சாரம் போனது.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நின்றுவிட்டது லிஃப்ட்.
உள்ளிருந்து தட்டும் சத்தம்.
என் ரேடியோ கொஞ்சம் கூடினால்
வெந்நீர்க் குழாயில் கரண்டியால் அடிப்பாளே,
அதே தாளம்.
யாரென்று தெரிந்துவிட்டது.
தேநீர் ஊற்றிக்கொண்டேன்.
இதையும் எழுதத்தான் வேண்டும்:
பதினோரு நிமிடம் குடித்தேன்,
வருடத்துக்கு ஒன்றாக.
இனித்தது,
ஆறாவது நிமிடம் வரை.

பிறகு அது வெறும் சத்தமாகிவிட்டது.
ஒரு கிழவியின் கை.
ஒரு தகரக் கதவு.

ஏழாவது மாடிக் கதவிடுக்கில் டார்ச் அடித்தேன்.
கால்கள் மட்டும் தெரிந்தன.
ஆண்பிள்ளை ஷூ, இரண்டு அளவு பெரியது,
ஓரத்தில் செய்தித்தாள் பிதுங்கியிருந்தது.
"யாரது?"
"ஜும்பேர்."
வெகு நேரம் ஒன்றும் இல்லை.
"இந்தக் கட்டடத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?"

சிரித்துவிட்டேன்.
என் சிரிப்பு எனக்கே புதிதாய்க் கேட்டது படிக்கட்டில்.

இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தேன்.
இருட்டுக்குள்ளிருந்து அவள் திட்டிக்கொண்டிருந்தாள்:
டார்ச்சை, மின்சாரக் கம்பெனியை,
போலந்துக்குப் போன மகனை,
அவன் விட்டுப்போன ஷூவை.
பிறகு, யாரும் கேட்காமலே:
"உன் பால்கனி என் சமையலறையை இருட்டாக்கியது.
பட்டப்பகலில் விளக்குப் போட்டுக் காய் நறுக்கினேன்.
ஒருநாள், ஒரே ஒருநாள்
இறங்கி வந்து பார்த்தாயா?"

இல்லை. பார்க்கவில்லை.
அதற்காக நத்தேலாவின் வானம் திரும்பிவரப்போவதில்லை.
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்,
கணக்கு நேராகவில்லை.
நேராகாத கணக்கை மடியில் வைத்துக்கொண்டு
டார்ச்சை மட்டும் சற்றுத் திருப்பிப் பிடித்தேன்,
கண்ணில் படாதபடி.

மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.
மின்சாரம் வந்ததும் நன்றி சொல்லாமல் போனாள்.
இப்போதும் குழாயில் அடிக்கிறாள்.
ரேடியோவைக் குறைக்கிறேன், உடனே அல்ல.
சட்டைப்பையில் இரண்டு காசு இருக்கிறது எப்போதும்;
இரண்டாவது அவளுக்கு.
"உன் காசு தேய்ந்தது, பெட்டி துப்புகிறது" என்பாள்.
நிஜமாகவே துப்பும்.

இந்த ஞாயிறு மதியம் என்னைக் கூப்பிட்டாள்.
கூப்பிட்டாள் என்ன, குழாயில் மூன்று அடி.
இறங்கிப் போனேன்.
சமையலறையில் வெயில்
சன்னலிலிருந்து மேசையைத் தாண்டி
உப்பு ஜாடி வரை வந்திருந்தது.
அதை நான் பார்த்து முடிக்கும்வரை
பேசாமல் நின்றாள்.

மண்சட்டியில் சிவப்பு பீன்ஸ்.
ஒரு வாய் வைத்தேன்.
உப்பு குறைவு.

ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு
இன்னும் கொஞ்சம் கேட்டேன்.