நாளெ பா

ஸ்ரீராம்புரத்தில் என் வாடகை வீட்டுக் கதவில்
முன்பு இருந்தவர்கள் எழுதிய இரண்டு சொல் இருக்கிறது.
மூன்று பெயிண்டுக்கு அடியிலிருந்தும்
மழைக்காலத்தில் ஊறி வெளியே வரும்.
நாளெ பா.
நாளைக்கு வா.

இரவில் பேய் வந்து தட்டுமாம்.
எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம்.
மறுநாளும் வருமாம், மறுநாளும் படிக்குமாம்.
சொன்ன சொல்லை நம்புகிற பேய்.
அட்வான்ஸை எண்ணியபடி
வீட்டு ஓனர் சிரித்துக்கொண்டே சொன்ன கதை.

எனக்கு வேலை பீன்யாவில்,
சட்டை தைக்கும் கம்பெனியில், பி.எஃப். செக்‌ஷன்.
போன வருஷம் யுகாதிக்கு மறுநாள்
என் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது.
பதினான்கு வருஷம் காலர் தைத்தவள்,
ஆதாரில் ஹொன்னம்மா, எங்கள் ரிஜிஸ்டரில் ஹொனம்மா.
ஹொன்னு என்றால் பொன்.
பொன்னில் ஒரு புள்ளியெழுத்து குறைந்துவிட்டது.
அதைச் சேர்க்க ஒரு கடிதம், ஒரு கையெழுத்து, ஒரு சீல்.

அதைச் செய்யாமல் இருக்க
நான் செய்த வேலைகளுக்குக் கணக்கில்லை.
டிராயரைக் கொட்டி மறுபடி அடுக்கினேன்.
மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பினேன்,
கண் கூசுகிறதென்று பழையபடி போட்டேன்.
தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்ற வீடியோவில்
பாதி பார்த்து மீதியை நாளைக்கு வைத்தேன்.
நஞ்சுண்டாவோடு பை டூ காபி,
பாதிதானே என்று இரண்டு தடவை.

சோம்பேறி என்றால் எனக்குக் கோபம் வரும்.
சோம்பேறி தூங்குவான்.
நான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து
அந்த ஓரெழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
வேலை அதே அளவுதான் இருந்தது.
அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு மாதம்.
ஏன் தாமதம் என்று மேனேஜர் கேட்பாரே என்ற பயத்தில்
இன்னொரு மாதம்.

அவள் திங்கட்கிழமைகளில் வருவாள்.
நெலமங்கலத்துக்கு அப்பால் ஏதோ ஊர், இரண்டு பஸ்.
மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவேன்.
அப்புறம்.

ஒரு திங்கள், நல்ல மழை, கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
தலையில் பிளாஸ்டிக் கவரோடு நின்றவள்
நான் வாயைத் திறப்பதற்குள்
எனக்கே ஆறுதல் சொன்னாள்:
"பஸ் ஃப்ரீ அல்வா சார், நாளெ பர்த்தீனி."

அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'.
இருபது வருஷமாகத் தெரியும்.
அன்றைக்கு என் காதில் விழுந்தது நம் ஊர் அல்வா,
பதினாறு மாதமாக நான் கிண்டிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்தால் கதவு ஊறி
எழுத்து பளிச்சென்று இருந்தது.
சாவியைப் பிடித்தபடி நின்றேன்.
பேய்க்கு எவ்வளவு தூரம், எத்தனை பஸ் என்று
அந்தக் கதையில் யாருமே கேட்கவில்லை.

செவ்வாய், ஒன்பது பத்து.
தோள் பையைக் கழற்றாமல் ஃபைலை எடுத்தேன்.
தூசி தட்டவில்லை.
தட்டினால் துணி தேடுவேன், துணி தேடினால் காபி.
முதல் வரி தப்பாக வந்தது. வரட்டும்.
மேனேஜர் கேட்டேவிட்டார், ஏன் இவ்வளவு நாள் என்று.
"என் தப்பு சார்."
இந்த மூன்று சொல்லுக்குத்தான் பயந்திருக்கிறேன்.
அவர் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்பது முப்பத்தொன்று.

சந்தோஷமா? இல்லை.
இருபத்தொரு நிமிஷம் என்று தெரிந்ததுதான்
இதில் ஆறவே ஆறாதது.

அவளுக்கு ஃபோன் போட்டேன்.
கண்டக்டர் விசில், ஹாரன், யாரோ குழந்தை.
"நாளைக்கு வருகிறேன் என்றேனே சார்,
வந்துகொண்டிருக்கிறேன்."

சீல் காயாத நகலோடு
இந்தத் தடவை நான் கேட்டில் நின்றேன்.

கதவைத் தேய்க்க உப்புத்தாள் வாங்கியிருக்கிறேன்.
ஆயிற்று, இரண்டு வாரம்.