ஏணியைப் பிடித்திருப்பவள்

போன ஜனவரியில்
"அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று
இதைச் சுருட்டிக் கோணிப்பைக்குள் திணித்தவர் இவர்தான்.
அந்த அடுத்த வருஷம் இப்போது
வரவேற்பறைக் கம்பளத்தின்மேல்
இடியாப்பமாய்க் கிடக்கிறது.
எழுபது அடி. பச்சை வயர்.
நுனி எங்கே என்று கேட்டால்
நான்தான் தின்றுவிட்டதுபோல்
முறைக்கிறார் மைரோன்.

சஸ்கட்டூனில் டிசம்பர் முதல் சனிக்கிழமை.
வெளியே மைனஸ் இருபத்திமூன்று.
அக்டோபரில், நல்ல வெயிலடித்த ஒரு ஞாயிறன்று,
எதிர்வீட்டுப் பென்னர் எல்லாவற்றையும் மாட்டி முடித்து
ஏணியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டார்.
அன்றைக்கு எங்கள் வீட்டில்
டிவியில் ஹாக்கி.

நான் ஏணியைப் பிடித்திருக்கிறேன்.
இருபத்தெட்டு வருஷமாக
டிசம்பர் என்றால் எனக்கு
இரண்டு பூட்ஸ்களின் அடிப்பாகம்.
இடது குதிகாலில்
எப்போதோ மிதித்த சூயிங்கம்.

ஏறச் சொன்னால் இவருக்குக் கோபம்,
இறங்கச் சொன்னால் இவர் முழங்காலுக்கு.
கையுறை போட்டால் கிளிப் நழுவுகிறது,
கழற்றினால் விரல்கள் யாருடையவோ ஆகிவிடுகின்றன.
குளிரில் விறைத்த பிளாஸ்டிக் கிளிப்புகள்
அப்பளமாய் நொறுங்கி
என் தொப்பிமேல் உதிர்கின்றன.
ஒவ்வொன்றுக்கும் மேலேயிருந்து
உக்ரேனிய மொழியில் ஒரு சொல்.
கல்யாணத்தின்போது என் மாமியார்
எனக்குக் கற்றுத்தந்த சொற்களில்
அவை ஒன்றும் இல்லை.

"ஆடாமல் பிடி, மார்னி!"
ஆடுவது நான்.
ஏணி என்னைப் பிடித்திருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்குப் பின்
கராஜிலிருந்து சிம்னிவரை
ஒரு குறையும் சொல்லமுடியாதபடி தொங்கியது சரம்.
அப்புறம்
மேலே ஓர் அமைதி.

அந்த அமைதியை நான் அறிவேன்.
கல்யாணமான புதிதில், ஏரிக்கரையில்,
கார்ச்சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டியபோது
கேட்ட அதே அமைதி.

செருகும் முனை சிம்னிப் பக்கம்.
மின்சாரம் கராஜ் பக்கம்.

சிரிக்கக் கூடாது என்று
ஸ்கார்ஃபைக் கடித்துக்கொண்டேன்.
ஏணி ஆடியது.

ஆரஞ்சு நிற நீட்டிப்பு வயர் ஒன்று
வீட்டை முழுசாக ஒரு வலம் வந்து
எப்படியோ போய்ச் சேர்ந்தது.
சுவிட்சைப் போட்டார்.
பாதி எரிந்தது.
வாசற்கதவுக்கு இடப்பக்கம் திருவிழா,
வலப்பக்கம் துக்க வீடு.

செத்த பல்பு எது என்று
ஒவ்வொன்றாய் அமுக்கித் திருகி
நாற்பதாவதில் பொழுது சாய்ந்துவிட்டது.
"இருக்கட்டும்" என்றார்.
இருந்தது.

அதன்பின் பீட்ஸாக் கடைக்கு
முகவரி சொல்லவே வேண்டியிருக்கவில்லை.
"பாதி வீடா?" என்பான் பையன் போனில்.
"பாதி வீடுதான்."
என் வீட்டார் வழியில் டிசம்பர் இருபத்தைந்து,
அவர் வீட்டார் வழியில் ஜனவரி ஏழு.
இரண்டு கிறிஸ்துமஸ் இருந்தும்
ஒன்றுக்குப் போதுமான வெளிச்சம்.

ஜனவரி நாலாம் தேதி ராத்திரி,
மைனஸ் முப்பத்தொன்றில்,
யாரும் தொடாமலே
வலப்பக்கம் எரிந்தது.
வயரின் எந்த நரம்பு சுருங்கி
எதைத் தொட்டதோ.

உள்ளே இருந்த எங்களுக்கு அது தெரியாது.
பீட்ஸாக் கார் வாசலைத் தாண்டிப் போவதும்
திரும்பி வந்து மறுபடி தாண்டுவதும்தான் தெரிந்தது.
மைரோன் வீட்டுச் செருப்போடு ஓடி
நடுத்தெருவில் இரண்டு கையையும் ஆட்டினார்.
கண்ணாடியை இறக்கிய பையன்
சந்தேகமாய்ச் சொன்னான்:
"இது முழு வீடாச்சே."

இவர் திரும்பிப் பார்த்தார்.
பெட்டியை வாங்கக்கூட மறந்து
சிம்னிவரை பார்த்தார், கராஜ்வரை பார்த்தார்.
பிறகு, பென்னர் பார்க்கிறாரா என்று
எதிர்ப்பக்கம் திரும்பினார்.

பென்னர் அன்று காலையிலேயே
எல்லாவற்றையும் கழற்றிச் சிக்கலில்லாமல் சுற்றி
பெட்டிக்குப் பெயரொட்டி வைத்துவிட்டார்.
விளக்கணைத்துப் படுத்தும்விட்டார்.

ஆறிப்போன பீட்ஸாவின் எதிரில்
வெகுநேரம் பேசாமல் இருந்தார் மைரோன்.
"ஈஸ்டர்வரை இருக்கட்டுமே" என்றேன்.
பரிவு என்று நினைத்துக்கொண்டு
என் கையைப் பிடித்தார்.

கழற்றும்போதும்
ஏணியை நான்தானே பிடிக்கவேண்டும்.