பதினோராவது செவ்வாய்

ஊட்ரம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
ஏழு வருடம் புண்களைப் படம் பிடித்தேன்.
பச்சைத் துணி, நிழல் விழாத விளக்கு,
காயத்தின் பக்கத்தில் ஓர் எஃகு அளவுகோல்.
முகம் கூடாது என்பது விதி.
அடையாளம் சொல்லும் மச்சத்தைக்கூட
மறைக்கச் சொல்வார்கள்.

பிறகு போருக்குப் போனேன்.
முதல் வாரமே செய்திப்பிரிவிலிருந்து கேட்டார்கள்:
முகம் எங்கே?

பழக்க தோஷம்.
ஒரு பள்ளிக்கூட வராந்தாவில்
கிழிந்த தொடைக்கு அருகே குனிந்தபோது
கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்
அளவுகோலை எடுத்துவிட்டது.
காலைப் பிடித்திருந்த பெண் என்னைத் திட்டவில்லை.
வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள்.
தொடையில் கட்டிய முந்தானைக் கிழிசலுக்குள் செருகி
முறுக்கினாள், முறுக்கினாள்,
ரத்தம் நிற்கும் வரை.
அதையும் எடுத்தேன்.
அச்சில் வந்தபோது அவள் முகம் மட்டும் இருந்தது,
அளவுகோலை வெட்டிவிட்டார்கள்.

இப்போது புக்கிட் மேரா.
ஓரறை வாடகை வீடு, பதினொன்றாம் மாடி.
மின்தூக்கியில் யாரோ கொட்டிய கோப்பி.
சவரிநாதனின் குதிகாலுக்குச்
செவ்வாய்தோறும் ஒரு படம்.
நான் தாதியில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும்
அவருக்கு நான் மிஸ்ஸிதான்.

தரையில் செய்தித்தாள் விரித்துக் காலை நீட்டுகிறார்.
இன்று அந்தப் பக்கத்தில் ஒரு நகரம் எரிகிறது.
எடுத்தவன் பெயர் எனக்குத் தெரியும்.
தாளைத் திருப்புகிறேன்.
"ஏய் மிஸ்ஸி, அது நாலு டி ரிசல்ட்டு,
அது மேல கால வைக்க மாட்டேன்."
மறுபடி நகரம்.
அதன் மேல் அவர் குதிகால்.

"முந்தி சண்டையில எடுத்தியே,
அதெல்லாம் ஆறிச்சா?"

தெரியாது.
ஒரு காயத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான்.
மறுநாள் வேறு ஊர்.

"ஒருதரம் பாத்துட்டு என்னத்தத் தெரியும்"
என்று ஜன்னலைப் பார்க்கிறார்.

நாலு புள்ளி இரண்டு. மூன்று ஒன்பது.
மூன்று ஒன்பது. மூன்று ஒன்று.
எழுதிவைத்திருக்கிறேன், பத்து வாரமும்.
இன்று கூடியிருக்கும் போலிருக்கிறது.
மேசையில் டின் பால் ஒட்டிய குவளை வட்டம்,
அதை அவரும் பார்க்கவில்லை, நானும்.

"சில்லுனு இருக்கும்" என்று சொல்லி
புது அளவுகோலைத் தோலருகே வைக்கிறேன்.

"வெச்சிட்டியா?" என்கிறார்.