பச்சைப் பிரதி

ஒரு லாரிக் கசடுக்கு ஏழு தாள்.
வெள்ளை எங்களுக்கு, மஞ்சள் அனுப்பியவனுக்கு,
ரோஜா நிறம் குழிக்காரனுக்கு, ஆரஞ்சு ஓட்டுநருக்கு.
பச்சை மறுபடி எங்களுக்கு,
வந்து சேர்ந்தது என்பதற்கு.
நீலமும் சாம்பலும் எங்கே போகுமென்று
ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

பீனியா வட்டார அலுவலகம், இரண்டாம் மாடி.
வெள்ளையைப் பச்சையோடு சேர்ப்பது என் வேலை.
ஒப்பந்த ஊழியம். ஜோடி சேர்ந்தால் டிக்.
சேராததைத் தனிக் கட்டாக வைத்து
நாடா கட்ட வேண்டும்.
அந்த நாடாதான் வருடா வருடம்
போதாமல் போகிறது.

குரோமியம் என்று தட்டச்சு செய்கிறேன்.
குழாய்த் தலையில், பைக் சைலன்ஸரில்
முகம் பார்த்துத் தலை வாரியிருக்கிறேன்,
அதுவும் அதுதான் என்கிறார் ஹொன்னப்பா சார்.
மின்னுவது கடைக்குப் போகும்.
மின்னாதது எங்கள் தாளுக்கு வரும்.

அக்டோபர்க் கட்டில் ஒரு பச்சை.
ஒன்பது டன் இருநூற்று நாற்பது கிலோ.
வெள்ளையிலும் அதே ஒன்பது, அதே இருநூற்று நாற்பது.
நகரமே நனைந்த வாரம்.
தாபஸ்பேட்டை வரை ஒரு சொட்டும் ஏறாமல்
போயிருக்கிறது.
டிக் போடப் போனேன்.
தேதி தடுத்தது.

அன்று ஆயுத பூஜை.
எங்கள் கணினிக்கே குங்குமம் வைத்து
கீபோர்டில் சாமந்தி போட்டு மூடியிருந்தோம்.
பேட்டையில் ஒரு ஸ்பானர் அசையவில்லை.
லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு
எலுமிச்சை நசுக்கியதோடு சரி.
குழியின் எடைமேடையும் பூசணி உடைத்துப்
பொரி தின்று படுத்திருக்கும்.
யார் நிறுத்தார்கள் இந்த ஒன்பது டன்னை?

சார் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"ஜோடி ஆய்த்தல்லம்மா."
குறிப்பு என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
அதில் எழுதினேன்: ஆயுத பூஜை.
காரணம் கேட்டு நோட்டீஸ் போனது.
பதினைந்தாம் நாள் பதில்: எழுத்தர் பிழை.
எந்த எழுத்தர் என்று இல்லை.
தேதி திருத்தப்பட்டது. கட்டை மூடினோம்.

மார்ச்சில் ஒரு மதியம் மாதப்பன் வந்தார்.
பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது.
கன்னடமும் ஆங்கிலமும் அடைத்த தாள்களில்
ஓட்டுநர் கையெழுத்து மட்டும் தமிழில் இருக்கும்,
கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லாமல், மாதப்பன.
அந்த ஆயுத பூஜைத் தாளில் மட்டும்
புள்ளி இருந்தது.

பென்னாகரத்துக்காரர்.
கைகளை மேசைமேல் வைத்தார்.
விரல் முட்டிகளில் பயறளவு குழிகள்,
ஆணி பிடுங்கிய மரம்போல.
எதை ஏற்றினாய், தாள் கொண்டுவா என்கிறார்களாம் ஆஸ்பத்திரியில்.
"ஆரஞ்சுத் தாள் தரலையா?"
"அப்படி ஒண்ணு கண்ணால பாத்ததில்ல மேடம்.
ராத்திரிதான் வண்டி. கால்வாய் ஓரமா நிறுத்தி
மண்வெட்டியால தள்ளணும், ஒட்டினதக் கையால.
அது விருஷபாவதிக்குப் போயிரும்.
கையெழுத்து மாசத்துக்கு ஒருதரம், மொத்தமா."
"ஆயுத பூஜை அன்னிக்கு?"
"ஊருக்குப் போயிட்டேனே. பொண்ணுக்குக் காது குத்து."

எடுத்துத் தர எனக்கு அதிகாரமில்லை.
பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வாங்கிவரச் சொன்னேன்.
தகவல் உரிமை மனுவை நானே எழுதினேன்.
பேனாவைச் சுண்டுவிரலோடு அணைத்துப் பிடித்துக்
கையெழுத்துப் போட்டார். புள்ளி இல்லை.

கீழே தபால் பிரிவு, முத்திரை, பதிவேடு,
சாரின் மேசை, இரண்டு நாள் விடுமுறை
எல்லாம் சுற்றிக்கொண்டு
அது என்னிடமே வந்தது.
மூலையில் பென்சிலில்: ஆவன செய்க.
அவகாசம் முப்பது நாள்.

ஐந்தரைக்கு எல்லோரும் போனபின்
பச்சையை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்தேன்.
கறுப்பு வெள்ளையில் வந்தது,
வெள்ளைப் பிரதிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.
புள்ளி சரியாக விழவில்லை.
இருட்டைக் கூட்டி
இன்னொரு தரம் எடுத்தேன்.